பூனைக்குச் சொன்ன நாள்

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது.

ஒரு இலுப்பைத் தோப்பு. அதற்குள்ளே ஒரு குட்டை. குட்டைக் கரையில் ஒரு நாயும் ஒரு ஆடும் ஒரு பூனையும் ஒன்றாக இருந்தன. நாயின் பெயர் சடையன். ஆட்டின் பெயர் வெள்ளச்சி. அதற்கு மொச்சை என்று ஒரு குட்டி. பூனையின் பெயர் சாம்பி. அதற்கும் ஒரு குட்டி உண்டு. ஆள் அவ்வளவுதான் என்பதால் அதற்குப் பெயர் கடுகு.

அந்த வருசம் மழை இல்லை. குட்டை வற்றிக்கொண்டே வந்தது. முதலில் மீன் போனது. பிறகு கொக்கு போனது. கடைசியில் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது.

"இனிமே இங்கே இருந்தா சாகணும்!" என்றது சடையன். "மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி இருக்கு. ஒரு பகல் நடை. எல்லாரும் மூட்டை கட்டுங்க!"

தோப்பே அமளிப்பட்டது. வெள்ளச்சி வேப்பந்தழையும் ஆலந்தழையும் ஒடித்துக் கட்டியது. கட்டின கட்டில் பாதியைத் தானே தின்றுவிட்டு மறுபடியும் ஒடித்தது. சடையன் போன வருசம் புதைத்த எலும்பைத் தேடி நாலு இடத்தில் குழி தோண்டியது. ஐந்தாவது குழியில் அது கிடைத்தது.

"ஏண்ணே, ஏரிக்குப் போறதுக்கு இந்த நாத்தம் பிடிச்ச எலும்பு எதுக்கு?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டது சாம்பி.

"ஏய், அது என் சொத்து!"

"சொத்துல பாதியை எறும்பு எழுதி வாங்கிடுச்சு போல!"

வெள்ளச்சி சிரித்ததில் வாயிலிருந்த தழை கீழே விழுந்தது. சடையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் அவர்கள் இருந்தார்கள்.

சாம்பிக்கு மூட்டை கட்டுவது புதிது இல்லை. பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அதில் சாம்பி ஆறு மாற்றி முடித்திருந்தது. ஒரு பனையோலைக் கொட்டானில் இலவம்பஞ்சைப் பரப்பிக் கடுகை உட்கார வைத்துப் பார்த்தது. கடுகு காதை மட்டும் வெளியே நீட்டியது. "ம், சரியா இருக்கு," என்றது சாம்பி.

பிறகு எல்லாரையும் பார்த்து, "தழை மறந்தாலும் எலும்பு மறந்தாலும் நடந்துடலாம். தண்ணி இல்லாம நடக்க முடியாது. இருக்கிற தண்ணியை இப்பவே மொண்டு வைங்க," என்றது.

சொன்னபடியே சுரைக்குடுக்கைகளில் மொண்டு வைத்தார்கள். சடையனுக்கு ஒன்று. வெள்ளச்சிக்கும் மொச்சைக்கும் ஒன்று. சாம்பிக்குச் சின்னதாக ஒன்று. அதோடு பள்ளம் காலி. சேறுதான் மிச்சம்.

"உன் வாயில கொட்டான் இருக்கும். குடுக்கையை எப்படித் தூக்குவே? என் கழுத்துல போட்டுடு, நான் சுமக்கிறேன்," என்றது வெள்ளச்சி.

"நீங்க இருக்கும்போது எனக்கென்னக்கா!" என்றது சாம்பி.

மறுநாள் விடியலில் புறப்பட்டார்கள். சடையன் முன்னால். பின்னால் வெள்ளச்சியும் மொச்சையும். நாலு அடி வைத்திருப்பார்கள். வெள்ளச்சி தழைக்கட்டை மறந்துவிட்டதைச் சாம்பி பார்த்தது. பாவம், நல்லது செய்கிறோம் என்று கட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஓடின வேகத்தில் சடையனுக்கு முன்னால் குறுக்கே போய்விட்டது.

"நில்லுங்க!" என்று ஊளையிட்டது சடையன். "பூனை குறுக்கே போயிடுச்சு! சகுனம் சரியில்லை!"

"அண்ணே, நான்தாண்ணே, சாம்பி!"

"சாம்பியா இருந்தா என்ன, பூனை பூனைதானே! நான் ரெண்டு வருசம் காரை வீட்டு வாசல்ல கிடந்தவன். மனுசங்க என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். திரும்பிப் போய் உட்காரணும். தண்ணி குடிக்கணும். இன்னிக்கு நேரம் கெட்டுப்போச்சு. நாளைக்குத்தான் கிளம்பணும்!"

எல்லாரும் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். சடையன் ஒரு வாய் குடித்தது. நாய்க்கு ஒரு வாய் என்றால் சும்மாவா! வெள்ளச்சி ஒரு வாய் குடித்தது. மொச்சை யாரும் பார்க்காதபோது இன்னும் இரண்டு வாய் குடித்தது. சாம்பியும் தன் குடுக்கையைத் திறந்தது.

"உனக்கு எதுக்கு? சகுனம் பார்க்கிறவங்களுக்குத்தான் தண்ணி. சகுனமே நீதானே!" என்றது சடையன்.

சாம்பி குடுக்கையை மூடிவிட்டது. விடியலில் இலைமேல் கிடந்த பனியை நக்கிக்கொண்டது.

இரண்டாம் நாள் சாம்பி மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றது. எல்லாரும் போன பிறகு போகலாம் என்று இருந்தது. ஆனால் கடுகுக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்தது. கொட்டானிலிருந்து குதித்தது. சடையனின் முன்காலுக்கு நடுவிலேயே ஓடியது!

"போச்சு! நேத்துத் தாய், இன்னிக்குக் குட்டி!" என்று சடையன் தலையில் அடித்துக்கொண்டது.

மறுபடியும் உட்கார்ந்தார்கள். மறுபடியும் குடித்தார்கள். அன்றைக்கு வெயிலும் கொளுத்தியது. சகுனத்துக்கு ஒரு வாய், தாகத்துக்கு இரண்டு வாய். சாயங்காலத்துக்குள் பெரிய குடுக்கை இரண்டும் ஆட்டினால் களக் களக்கென்று சத்தம் வருகிற அளவுக்கு வந்துவிட்டது.

சடையன் வெள்ளச்சியைப் புற்றுக்குப் பின்னால் கூப்பிட்டது.

"நாளைக்கு விடியலில் நாம கிளம்பறோம். சாம்பிகிட்ட நாளை மறுநாள்னு சொல்லிட்டேன். அது பின்னாடி மெதுவா வரட்டும்."

வெள்ளச்சிக்குத் திக்கென்றது. "அது ஒண்டியா எப்படிண்ணே வரும்? கையில குட்டி வேற..."

"அப்ப நீ அதோட வா. வழியிலே நரி வந்தா நீயே பார்த்துக்க. எனக்கென்ன!"

வெள்ளச்சி மொச்சையைப் பார்த்தது. "சரிண்ணே," என்றது.

கொஞ்ச நேரம் கழித்துச் சாம்பி வந்தது. வெள்ளச்சி தழை மென்றுகொண்டிருந்தது.

"அக்கா, நாளை மறுநாள்தானே கிளம்பறோம்? சடையண்ணன் சொன்னாரு."

வெள்ளச்சியின் வாயில் தழை இருந்தது. அது இன்னும் கொஞ்சம் தழையை இழுத்து வாயில் திணித்துக்கொண்டது. பிறகு தலையை ஆட்டியது.

"நல்லதாப் போச்சு," என்றது சாம்பி. "ஒரு நாள் இருக்கே. மொச்சைக்கு இன்னும் குளம்பு இறுகலை. மலைப்பாறை சுடும். பஞ்சு வச்சு நார் சுத்தி நாலு காலுக்கும் உறை பண்ணிடறேன்."

வெள்ளச்சி மென்றுகொண்டே இருந்தது.

விடிவதற்கு முன்னே சாம்பி கடுகைச் சுற்றி வளைந்து தூங்கியது. தலைமாட்டில் பஞ்சு உறை மூன்று முடிந்து கிடந்தது. நாலாவது பாதியில் இருந்தது. வெள்ளச்சி அதைத் தாண்டித்தான் நடந்தது. குளம்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று மணலாகப் பார்த்து மிதித்தது.

தோப்பு எல்லையில் சடையன் ஒரு தும்மல் போட்டது. ஒரே ஒரு தும்மல்!

"மாமா, ஒத்தைத் தும்மல் ஆகாதுன்னு சொல்வீங்களே, உட்கார வேண்டாமா?" என்று கேட்டது மொச்சை.

"சும்மா வா! அது தூசி!"

"சாம்பி சித்தி வரலையா?"

சடையன் வெள்ளச்சியைப் பார்த்தது. வெள்ளச்சி தரையைப் பார்த்தது. "பின்னாடி வருவா," என்றது.

வெயில் ஏறியது. மலைப்பாறை அடுப்பில் போட்ட தோசைக்கல் மாதிரி ஆனது. மொச்சை காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்தது. பாதி மலை ஏறுவதற்குள் குடுக்கை இரண்டும் காலி. ஒரு மொட்டைப் பாறையின் நிழலில் மொச்சை மடங்கி விழுந்தது.

"எந்திரிடா கண்ணு! இன்னும் கொஞ்ச தூரம்தான்!"

மொச்சை எழவில்லை. அதன் நாக்கு வெளியே வந்து கிடந்தது. மூக்கு காய்ந்திருந்தது. சடையன் ஓடை, பொந்து, பள்ளம் எல்லாம் போய்த் தோண்டிப் பார்த்தது. மூக்கு நிறைய மண்ணோடு திரும்பி வந்தது. "ஒரு சொட்டு இல்லை," என்றது. அதன் குரலில் ஊளையும் இல்லை, குரைப்பும் இல்லை.

வெள்ளச்சி குட்டியின் முகத்தை நக்கியது. நக்குகிற நாக்கிலேயே ஈரம் இல்லை.

வெயில் சாய்கிற நேரம். கீழே பாதையில் சின்னதாக ஏதோ தெரிந்தது. அது கொஞ்ச தூரம் வந்தது. எதையோ கீழே வைத்தது. திரும்பி ஓடியது. இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தது. மறுபடி முதலில் வைத்ததைத் தூக்கியது.

சாம்பிதான்! கொட்டானைக் கொஞ்ச தூரம் கொண்டுவந்து வைத்து, குடுக்கைக்குத் திரும்பிப் போய், அதைக் கொண்டுவந்து வைத்து, இப்படியே மலையேறி வந்தது. குடுக்கையைச் சுமக்கிறேன் என்ற ஆள்தான் இல்லையே. மற்றவர்கள் ஒரு தரம் நடந்த வழியை அது மூன்று தரம் நடந்திருந்தது.

பாறைக்குப் பத்து அடி தள்ளியே சாம்பி நின்றுவிட்டது. உள்ளங்கால் நாலும் வெந்திருந்தது.

"அப்பாடி, பிடிச்சுட்டேன்! அக்கா, கோவிச்சுக்காதீங்க. நான்தான் நாளைத் தப்பாக் கேட்டுட்டேன் போல. உங்க வாயில தழை இருந்துச்சா, சரியா விளங்கலை. நீங்க எழுப்பியிருப்பீங்க, எனக்குத்தான் பொணத் தூக்கம்..."

அப்போதுதான் அது மொச்சையைப் பார்த்தது.

"ஐயோ, என்னக்கா ஆச்சு? என் குடுக்கையில தண்ணி இருக்கு! நான் தொடவே இல்லை!" என்று ஒரு கால் எடுத்து வைத்தது. உடனே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. சடையனைப் பார்த்தது.

"அண்ணே, நேரா வந்தா உங்களுக்குக் குறுக்கே ஆயிடும். பாறையைச் சுத்திக்கிட்டு வரட்டுமா?"

சடையனுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. வால் காலுக்கு நடுவில் போய்விட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. "வா," என்றது. அதுவும் காற்றாகத்தான் வந்தது.

சாம்பி நேராக வந்தது. மொச்சையின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டது. முதல் சொட்டு வழிந்து மண்ணில் போனது. இரண்டாவதும் போனது. பத்தாவது சொட்டில் தொண்டை அசைந்தது. குடுக்கை பாதி காலியான பிறகு மொச்சை கண்ணைத் திறந்து, "சித்தி," என்றது.

மீதித் தண்ணீரைச் சாம்பி சடையனுக்கும் வெள்ளச்சிக்கும் நீட்டியது. பிறகு கொட்டானிலிருந்து பஞ்சு உறைகளை எடுத்தது. நாலாவதும் முடிந்திருந்தது. காலையில் தோப்பில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்து முடித்திருக்கிறது! ஒவ்வொன்றாக மொச்சையின் காலில் கட்டியது.

வெள்ளச்சிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"சாம்பி, நீ தப்பாக் கேக்கலை. நாங்கதான் தப்பாச் சொன்னோம். அவரு உன்னை விட்டுட்டுப் போறதுக்காகச் சொன்னாரு. எனக்கு முன்னாடியே தெரியும்."

சாம்பியின் கை நின்றது.

"என் வாயில தழை இருந்தது நிசந்தான்," என்றது வெள்ளச்சி. "துப்பியிருக்கலாம்."

சாம்பி கடைசி உறையில் முடிச்சுப் போட்டது. ஒரு தரம் இழுத்துப் பார்த்தது.

"இது அவிழாது," என்று மொச்சையிடம் மட்டும் சொன்னது.

சடையன் மெல்ல நகர்ந்து வந்தது. "குடுக்கையை நான் தூக்கிட்டு வரேன், சாம்பி."

"வேண்டாண்ணே. இப்பக் கனம் இல்லை, காலிதான்."

கொட்டானைக் கவ்விக்கொண்டு, குடுக்கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் குறுக்கே சாம்பி முன்னால் நடந்தது. யாரும் உட்காரவில்லை. யாரும் சகுனம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். பொழுது அடைகிறபோது ஏரி தெரிந்தது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அவ்வளவு தண்ணீர்!

சாம்பி அங்கே நிற்கவில்லை. சுற்றிப் போய் எதிர்க்கரையில் ஒரு தாழம்புதரைப் பார்த்துக்கொண்டது. அதுதான் அதன் ஏழாவது வீடு.

மொச்சையும் கடுகும் இரண்டு கரைக்கும் ஓடி ஓடி விளையாடின. சடையன் சில நாள் ஒரு மீனைப் பிடித்துக் கொண்டுபோய்த் தாழம்புதர் ஓரத்தில் வைத்துவிட்டு, குரைக்காமல் திரும்பிவிடும். சாம்பி மீனைத் தின்னும். வழியில் வெள்ளச்சியைப் பார்த்தால், "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்கும். மூட்டை கட்டுகிற நாளில் பேசின பேச்சும் கேலியும் மட்டும் திரும்பி வரவே இல்லை. வெள்ளச்சி தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் எதிர்க்கரையைப் பார்க்கும். சாம்பி இந்தப் பக்கம் திரும்பினால், தாகம் தீர்ந்த பிறகும் வெள்ளச்சி குனிந்த தலையை எடுக்காது.

இதிலே நீதி என்னவென்றால், பொய் சொன்ன வாய்க்கு உள்ள வெட்கம், அதைத் தெரிந்தும் மூடிக்கொண்டிருந்த வாய்க்கும் உண்டு. அதனால் கூச்சமாக இருந்தாலும் சரி, பயமாக இருந்தாலும் சரி, அந்த நேரத்திலேயே... அத்தை கூப்பிடுகிறார்கள், இதோ வந்துட்டேன் அத்தை... அந்த நேரத்திலேயே வாயைத் திறந்து, அது அப்படி இல்லை என்று சொல்லிவிட வேண்டும்.