முதலாளிக்கு வக்கில்லை

கேட்கிறவர்களே தீர்ப்புச் சொல்ல வேண்டிய வழக்கு இது.

ஆங்கிலத்தில் ‘அஃபோர்ட்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஒரு செலவைத் தாங்கும் வக்கு இருப்பது என்று பொருள். இல்லாதவனுக்கு அந்தச் சொல் தேவைப்படுவதில்லை. அவன் கேட்கவே போவதில்லை. ‘முடியாது’ என்பதோடு சேர்த்து அதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இருப்பவர்களே.

பாலாற்றங்கரைத் தோல் ஆலை ஒன்றின் கழிவுத்தொட்டியில் இறங்கியவர் ஒருவர் விஷவாயு தாக்கிச் செத்துப்போனார். தொட்டியில் இறங்குபவர்களுக்கு முகமூடி வேண்டுமென்று சங்கம் கேட்டது. முதலாளி கஜபதி, “ஐ கான்ட் அஃபோர்ட் இட்” என்றார்.

“என்ன சொல்றாரு?” என்று கேட்டார் சங்கச் செயலாளர் ஏகாம்பரம்.

பக்கத்தில் இருந்த ஆலைத் தொழிலாளி, பழைய போராட்டக்காரர் தேசிங்கு, “வாங்க வக்கில்லைங்கறாரு” என்றார்.

“அப்படியே வெச்சுக்கய்யா!” என்று எழுந்துபோனார் கஜபதி.

தேசிங்கு அப்படியே வைத்துக்கொண்டார். மறுநாள் எண்ணெய் டின் ஒன்றோடு சந்தையில் நின்றார். “எங்க முதலாளிக்கு வக்கில்லை! முகமூடி வாங்க அவருக்குத் தருமம் பண்ணுங்க!”

“கார்ல போற மனுசனுக்கா?” என்றாள் கத்தரிக்காய் விற்பவள்.

“பெட்ரோல் போட்டே ஓட்டாண்டி ஆயிட்டாரும்மா.”

சந்தையே சிரித்தது. டின் நிறைந்தது. அவமானம் தாங்காத கஜபதி அன்று மாலையே சொந்தப் பணத்தில் முகமூடிகளை வாங்கினார். கையோடு தேசிங்கை வேலையிலிருந்து நீக்கினார்.

இப்போது டின்னுக்கு மூன்று வழக்காளிகள்.

“என் பேரைச் சொல்லி வாங்கினது. கொடுத்துடு” என்றார் கஜபதி.

“வசூல் பண்ணது சங்கத்து ஆள். சங்கத்துக்குத்தான்” என்றார் ஏகாம்பரம்.

தொட்டியில் இறங்குபவர்கள், “எங்களுக்காக உனக்கு வேலை போச்சு. உன் வீட்ல உலை வைக்க அரிசி இல்ல. நீயே எடுத்துக்கண்ணே” என்று தேசிங்கிடம் மன்றாடினார்கள். அரிசி இல்லை என்பது உண்மைதான். அவர் கை டின் மூடியின் மேல் இருந்தது.

சொல்லுங்கள்: அந்தப் பணம் யாருக்குச் சேரும்?

விடை: மூவருக்கும் இல்லை. வக்கற்ற ஒருவருக்கென்று கேட்ட பணம் அது. முகமூடி வாங்கியதுமே கஜபதி தனக்கு வக்குண்டு என்று காட்டிவிட்டார். சங்கத்தின் பேரில் யாரும் கேட்கவில்லை. தேசிங்கு தனக்கென்று கேட்கவில்லை. எனவே கொடுத்தவர்களுக்கே சேரும். அடுத்த சந்தையில் டின்னைத் திறந்துவைத்து, “போட்டவங்க போட்டதை எடுத்துக்கங்க” என்றார் தேசிங்கு. முதலில் உள்ளே போனது, ஒரு காசும் போடாத தோல் தரகரின் கை. பாதி வரிசை நிற்கும்போதே டின் காலி. மீதிப் பேர் தேசிங்கைத் திருடன் என்றார்கள்.