ஏறனின் முதுகு

வேலும் வில்லுமே வழக்குத் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் வேங்கைப்பாறை, ஆலங்கரை என்று இரண்டு ஊர்கள். கீரியும் பாம்பும் தோற்றுப்போகும், அப்படி ஒரு பகை. ஒரு ஊர் வீரர்கள் தலையில் வெட்சிப் பூச் சூடிப் போய் அடுத்த ஊர் மாடுகளை ஓட்டிவருவார்கள். அந்த ஊர்க்காரர்கள் துரத்திவந்து மீட்பார்கள். இதற்குப் பெயர் வீரமாம்! மாடுகளைக் கேட்டிருந்தால் வேறு பெயர் சொல்லியிருக்கும்.

ஆனாலும் அவர்களுக்கும் ஒரு முறை இருந்தது. நெஞ்சில் காயம்பட்டுச் செத்தவனுக்கு ஊர் கல் நட்டுக் கும்பிடும். முதுகில் காயம்பட்டுச் செத்தவனை ‘ஓடினவன்’ என்று முடிவுகட்டி, அவன் பெயரையே வாயில் எடுக்காது.

வேங்கைப்பாறையில் ஏறன் என்றொரு வீரன். அப்பனுக்கு நட்ட கல்லின் பக்கத்தில் தனக்கும் ஒரு கல் வேண்டும், அதுதான் அவன் ஆசை.

ஒருநாள் அவர்கள் ஆலங்கரை மாடுகளை ஓட்டிவந்தபோது, நிறைசினையாக இருந்த ஒரு செவலைப் பசு காட்டுப்பாதையில் படுத்துவிட்டது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது.

“குத்தி எழுப்பு” என்றான் ஒருவன்.

“வெட்டிப் போடு” என்றான் இன்னொருவன்.

“விட்டுட்டு வாடா, பின்னாடியே வர்றாங்க!” என்றான் மூன்றாமவன்.

மூவரும் போய்விட்டார்கள். ஏறனுக்குக் கால் நகரவில்லை. வாயில்லா ஜீவன், என்ன பாவம் செய்தது? வேலையும் கேடயத்தையும் கீழே வைத்துவிட்டுப் பசுவின் பின்னால் உட்கார்ந்து, உள்ளே மடங்கிக் கிடந்த கன்றின் மற்றக் காலைக் கைவிட்டுத் தேடினான். எதிரி வரும் பாதைக்குத் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் ஆலங்கரைக் கொற்றன் வந்தான். அந்தப் பசு அவன் வீட்டில் வளர்ந்தது. மாடுகளை மறிக்கப்போன சண்டையில் அவனுக்கு இடது கை வெட்டுப்பட்டிருந்தது. வலது கையால் வேலை ஓங்கினான்.

“திரும்புடா! வேலை எடு!”

ஏறன் திரும்பவில்லை. “இப்பக் கைய எடுத்தா கன்னு செத்துரும். எறியணும்னா எறிஞ்சிக்க. ஓடினவன்னு மட்டும் எங்க ஊர்ல சொல்லிடாதய்யா.”

கொற்றனின் வேல் தாழ்ந்தது. பசுவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். “முக்கும்மா, முக்கு... என் தங்கமில்ல!”

கன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்து தும்மியது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகுதான் தாங்கள் எதிரிகள் என்பதே அவர்களுக்கு நினைவு வந்தது.

கன்றுக்கு நடக்கத் தெம்பில்லை. கொற்றனால் தூக்க முடியாது. ஏறன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை எடுக்காமல், ஆலங்கரைக்கே நடந்தான். செவலை பின்னாலேயே வந்தது.

ஊர் வாசலில் வில்லாளிகள் நின்றிருந்தார்கள். ஏறன் கன்றை இறக்கிவிட்டுத் திரும்பினான். அதுவரை கன்று மறைத்திருந்த வெட்சிப் பூவைக் கண்டதும் அவர்கள் நாணை இழுத்தார்கள்.

கொற்றன் ஏறனுக்குப் பின்னால், அவனை ஒட்டியே நடந்தான். இப்போது அம்பு விட்டால் அது கொற்றனின் முதுகில்தான் பாயும். வில்கள் தாழ்ந்தன.

எல்லைவரை அப்படியே வந்தான். அங்கே நின்று சொன்னான்: “உன்னை ஓடினவன்னு உங்க ஊர்ல எவனாவது சொன்னா ஆள் அனுப்பு. நான் வந்து சாட்சி சொல்றேன்.”

வேலைக் கீழே வைக்க வேண்டிய நேரத்தில் வைக்கத் தெரிந்தவனே அதை எடுக்கத் தகுதியுள்ள வீரன்.