அக்கரையில் இருப்பவள்

நைல் நதி கரை மீறிப் பரந்து கிடந்த காலம். வயல் எது, ஆறு எது, வானம் எது என்று பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிபடாது. ஊரே தண்ணீரின் மேல் கண்ணயர்ந்த மாதிரி இருந்தது.

அந்த ஊரில் இன்தெஃப் என்றொரு கல்தச்சன். எழுத்துப் படிக்க வந்தபோது அவனுக்கு நாற்பது வயது. சொல்லிக்கொடுத்த தாகிக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஊர் சிரித்தது. உளி பிடித்த கைக்கு நாணல் பேனா அவ்வளவு லேசில் அடங்குமா? முதல் மாதத்திலேயே ஏழு பேனாவை ஒடித்தான்.

அவன் வந்தது ஒரே ஒரு கடிதம் எழுதத்தான். செத்துப்போன மனைவி ஹெனுத்துக்கு.

குழந்தை பிறந்ததும் தாயின் வாயில் முதலில் வரும் சொல்தான் அதற்குப் பெயர். அவர்கள் வழக்கம் அது. ஹெனுத்துக்குப் பெண் பிறந்தது. மருத்துவச்சி காதைக் கிட்டே கொண்டுபோனாள். ஹெனுத் உதட்டைப் பிரித்தாள். அதற்குள் உயிர் போய்விட்டது.

ஏழு மாதம் ஆகிவிட்டது. அவள் சொல்ல இருந்த பெயரைத் தவிர வேறு பெயர் வைக்க இன்தெஃப் சம்மதிக்கவில்லை. பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். பாவம், வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இறந்தவர்களுக்குக் கடிதத்தை மண் கிண்ணத்தின் உட்புறம் எழுதுவார்கள். அதில் ரொட்டி வைத்து, மேற்குக் கரையில் கல்லறை வாசலில் விட்டுவிடுவார்கள். சாப்பிட வருகிறவர் அடியில் இருப்பதைப் படித்துவிட்டுக் கனவில் பதில் சொல்வார். வேறு ஆட்கள் எழுதிக்கொடுத்த மூன்று கிண்ணங்களை இன்தெஃப் வைத்துப் பார்த்தான். பதில் இல்லை. ஊரான் கையெழுத்து அவளுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று தானே எழுதக் கிளம்பினான்.

எழுத்து கைக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை, தானே எழுதிய கிண்ணத்தை ஆசானிடம் நீட்டினான்.

"இன்றைக்கே பதில் வந்தாக வேண்டும் ஆசானே. மதியத்துக்கு மேல் ஹெனுத்தின் அக்கா நெபெத் தெற்கே கப்பல் ஏறுகிறாள். குழந்தையையும் எடுத்துக்கொண்டு போகிறாள்."

"ஏனாம்?"

"பெயர்கூட வைக்காத அப்பனிடம் எப்படி விட்டுவிட்டுப் போவது என்கிறாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பெயர் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றிருக்கிறேன்."

தாகி கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

நம் 'இந்த', 'அந்த' போல அவர்கள் மொழியிலும் உண்டு. பெண்ணானால், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவள் பெயருக்குப் பின்னால் 'தென்' என்று எழுதுவார்கள். தள்ளி இருப்பவளுக்கு 'தெஃப்'. இறந்தவர்களை 'அங்கே இருப்பவர்கள்' என்பார்கள். இன்தெஃப் மனைவியின் பெயருக்குப் பின்னால் 'தென்' போட்டிருந்தான். பெயரில்லாத மகளுக்கு, 'மகள்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'தெஃப்'.

"பிழை இருக்கிறதா ஆசானே?"

"இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறீர்கள்."

தாகி எழுந்தார். "வாருங்கள், நானும் வருகிறேன்."

படகு, முங்கிக் கிடந்த வயல்களைத் தாண்டிப் போயிற்று. துடுப்பின் கீழே பேரீச்ச மரங்களின் நிழல் தலைகீழாக அசைந்தது.

கல்லறை வாசலில் இன்தெஃப் கிண்ணத்தை வைத்தான். ரொட்டியும் வெங்காயமும் வைத்தான். ஆற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வாசல் கல்லில் தோளைச் சாய்த்துக்கொண்டான். வெயில் ஏறிற்று. எங்கேயோ தண்ணீர் கரையை மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. ஏழு மாதத்து அலுப்பு அவன் இமைகளை அழுத்தியது.

ஹெனுத் வந்தாள். எதிரே உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, அவன் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஹெனுத், அந்தப் பெயர் என்ன? சொல்லு!"

"கொஞ்சம் நகருங்கள்," என்றாள் ஹெனுத். "குழந்தையை மறைக்கிறீர்கள்."

இன்தெஃப் திடுக்கிட்டு விழித்தான். முகமெல்லாம் நனைந்திருந்தது. தாகி அதே இடத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தாள் ஆசானே. பெயரைச் சொல்லவில்லை. என்னை நகரச் சொன்னாள்."

தாகி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இன்தெஃப் அவர் பக்கத்தில் வந்து நின்றான். முதல் தடவையாக அந்தக் கரையிலிருந்து தன் ஊரைப் பார்த்தான்.

கிழக்கே வெகு தூரத்தில் படித்துறை. கப்பலில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாய் இன்னும் விரியவில்லை. கரையில் ஒருத்தி நின்றாள். அவள் இடுப்பில் வெள்ளைத் துணியில் பொட்டு மாதிரி ஏதோ ஒன்று.

"அங்கே இருக்கிறாள்," என்றான் இன்தெஃப்.

இறந்தவர்களைத் தவிர வேறு யாரையும் அவன் அப்படிச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் அவனுக்கு அது உறைத்தது. குனிந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தான்.

"தப்பாக எழுதிவிட்டேன் ஆசானே. மகளுக்கு 'தென்' என்று மாற்றி எழுதிவிடுகிறேன்."

"கிண்ணம் இருக்கட்டும். படிக்க உங்கள் மனைவிக்கு நேரம் நிறைய இருக்கிறது."

இன்தெஃப் சரிவில் ஓடினான். தண்ணீர் ஓரத்தில் நின்று இரு கைகளையும் வாயருகே குவித்தான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கூப்பிட ஒரு பெயர் வேண்டாமா? தாகியைத் திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொல்லிக் கூப்பிடுவேன் ஆசானே?"

தாகி படகின் கயிற்றை அவிழ்த்தார். துடுப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"கிட்டே போய்க் கூப்பிடுங்கள்."