மலைக்கடியில் ஒரு ஊமைக் கருவி

"மேடம், கரும்பொருள் மாட்டிக்கிச்சு!"

மலைக்கடியில், ஒரு கிலோமீட்டர் பாறைக்குக் கீழே நின்று கத்தினார் தணிகாசலம். அவர் மாணவர், வயது ஐம்பத்திரண்டு. பேராசிரியை செண்பகவல்லிக்கு முப்பத்தைந்துதான். காலம் அப்படி.

அண்டமெங்கும் இருந்தும் யார் கண்ணிலும் படாத கரும்பொருளில் ஒரு துகளாவது வந்து மோதட்டும் என்று தணிகாசலம் கட்டிய கருவி இது. வேறு எந்தக் கதிரும் நுழையாதபடி சுற்றிலும் ஈயச் செங்கல் அடுக்கியிருந்தார். இரண்டு வருஷமாக ஒரு சத்தம் இல்லை. செத்துப்போன கருவி, வெள்ளிக்கிழமை கழற்றிவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. பாவம், மனிதர் சரியாகச் சாப்பிட்டே பத்து நாளாயிற்று.

"நாலு நாளா விடாம அடிக்குது மேடம். கமிட்டி மூஞ்சில கரியப் பூசிடலாம்."

செண்பகவல்லி திரையைப் பார்த்தார்.

"நாலு நாளைக்கு முன்னாடி செங்கல்லப் பிரிச்சீங்களா?"

தணிகாசலம் தலையைச் சொறிந்தார்.

"பிரிங்க."

ஒவ்வொரு செங்கல்லும் பன்னிரண்டு கிலோ. நாற்பது செங்கல். அவர் மூச்சு வாங்க இறக்கினார். செண்பகவல்லி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

உள்ளே செப்புப் பாத்திரம். அதன் நெற்றியில் பட்டையாக மூன்று கோடு திருநீறு, நடுவில் குங்குமம்.

"ஆயுத பூஜை மேடம். லிஃப்டுக்குப் போட்டோம், லேத்துக்குப் போட்டோம். இதுக்கு மட்டும் போடலன்னா மனசு கேக்குமா?"

"சாம்பல்ல பொட்டாசியம் இருக்கு. அதோட கதிர்தான் அடிக்குது."

தணிகாசலம் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது.

"எத்தனை சிட்டிகை போட்டீங்க?"

"ஒண்ணே ஒண்ணு மேடம்."

"ஒரு சிட்டிகையைக்கூட விடாம புடிச்சிருக்கே இது! அப்ப கருவி சாகல."

அவர் மூக்கை உறிஞ்சினார். நிமிர்ந்து கருவியைப் பார்த்தார். எழுந்து, குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல் பதமாகப் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"கமிட்டிக்கு என்ன மேடம் எழுதறது?"

"ரெண்டு வருஷமா எதுவும் வரலன்னு எழுதுங்க."

"அதத்தானே அவங்களும் சொல்றாங்க?"

"அவங்க தெரியாம சொல்றாங்க. நீங்க தெரிஞ்சு சொல்லுங்க."