பானையில் விழுந்த இரண்டாவது ஓலை

முன்னொரு காலத்தில் வேம்பூர் நாட்டை இளவேழன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நினைத்தால் சிரிப்பான், நினைத்தால் சீறுவான். ஆனால் மனசு கெட்டவன் இல்லை. கெட்டவர் அவனுடைய அபராத அதிகாரி அமரகோன்தான். வசூலில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. விடுவாரா மனுஷன்?

செக்காட்டும் சடைச்சியின் மாடு ஒருநாள் நியாய சபைக்கு முன்னால் வாய்விட்டுக் கத்திவிட்டது. அதற்கு ஐந்து பணம். கட்டத் தாமதித்ததற்குப் பத்து. "ஐயா, இரக்கம் காட்டுங்க" என்று அழுததற்கு இன்னும் பத்து! கடைசியில் மாட்டையே பிடித்துக் கட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் ஏலம். மாடு இல்லாமல் அவள் எதை வைத்துப் பிழைப்பாள், பாவம்?

அன்றைக்குத்தான் ராஜா ஊரைக் கேட்டிருந்தான்: "அபராதத்துக்கு வரம்பு வேண்டும் என்பவர்கள் சபைப் பானையில் ஓலை போடுங்கள்." உச்சிவேளையில் பானையைக் கவிழ்த்தால் ஒரே ஒரு ஓலை. சடைச்சியுடையது.

அமரகோன் மீசையைத் தடவினார். "பார்த்தீர்களா மன்னா! மற்ற எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்."

சடைச்சி முன்னால் வந்தாள். "மகாராஜா, வெளிவாசலிலிருந்து இந்தப் பானைவரை ஐயா ஒரு தடவை நடந்து வரட்டும். எல்லாருக்கும் உள்ள சட்டம் அவருக்கும்!"

"அட, வேடிக்கையாக இருக்கிறதே! நடந்து வாரும்" என்றான் ராஜா.

முதல் வாசலில் செருப்புத் தூசிக்கு அபராதமாகக் காவலர்கள் செருப்பையே பிடுங்கினார்கள். "நான் யார் தெரியுமாடா?" என்று கத்தியதற்குச் சால்வை போனது. அடுத்த வாசலில் முணுமுணுத்ததற்கு மோதிரம். தலைப்பாகையில் கை வைத்த காவலன், "விட்டால் எங்களுக்கு அபராதம் போடுவீங்களே ஐயா!" என்று கெஞ்சிக்கொண்டே உருவினான்.

மொட்டைத் தலையும் வெறுங்காலுமாக வந்து நின்ற அமரகோன் அலறினார்: "இதற்கு ஒரு வரம்பே கிடையாதா!"

சபை கொல்லென்று சிரித்தது. சடைச்சி ஓர் ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டினாள். "அதையே இதில எழுதுங்க சாமி. மத்தவங்க எல்லாம் அபராதத்துக்குப் பயந்து வாசல்லயே திரும்பிட்டாங்க. பிடுங்க ஒண்ணுமில்லாத வெறுங்கையா இருந்ததாலதான் நான் மட்டும் பானைவரைக்கும் வந்து சேர்ந்தேன். இப்ப நீங்களும் வந்துட்டீங்க."

ராஜாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. தன் வாசலிலேயே இத்தனை கொள்ளையா என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "எழுதும்" என்றான். இரண்டாவது ஓலை பானையில் விழுந்தது.

அன்றே சட்டம் பிறந்தது: ஒருநாள் கூலிக்கு மேல் அபராதம் இல்லை, பிழைப்புக்கான மாட்டைத் தொடக்கூடாது, அதிகாரிக்குப் பங்கும் கிடையாது. ராஜா சடைச்சிக்கு ஒரு பசுவைச் சன்மானமாகக் கொடுத்து, அவள் மாட்டை அமரகோன் கையாலேயே அவிழ்த்துவிடச் சொன்னான்.

மாடு அவளைக் கண்டதும், சபைக்கு எதிரிலேயே, அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தியது. பழக்கதோஷம், அமரகோன் வாயைத் திறந்தார். சபை மொத்தமும் அவரைப் பார்த்தது. மெதுவாக மூடிக்கொண்டார்.