கீரன் இறங்காத பாறை

மலைக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு மலை என்று இருந்த காலம் அது. பக்கத்தில் வந்து உட்காருங்கள், சொல்கிறேன். பெரியவர்களும் வரலாம். சொல்லப்போனால் இந்தக் கதை உங்களுக்குத்தான் அதிகம் தேவை.

அந்த மலைக்காரர்களுக்குத் தேனெடுப்பதுதான் தொழில். செங்குத்துப் பாறையில் கொடியேணியைத் தொங்கவிட்டு இறங்க வேண்டும். தேனீக்களைப் புகையால் விலக்க வேண்டும். அடையை அறுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். அத்தனை நேரமும் ஏணியை மேலே பிடித்திருப்பவன் யார் தெரியுமா? இறங்குகிறவனுடைய மனைவியின் உடன்பிறந்தவன். அண்ணன் தம்பிக்குக்கூடப் பங்கு நினைப்பு வரலாம், மச்சானுக்கு வராது. கை நழுவினால் தாலி இழப்பது அவனோடு பிறந்தவள் அல்லவா? அவன் வாய்திறந்து 'பிடித்தேன்' என்று சொன்ன பிறகுதான் யாரும் இறங்குவார்கள்.

கீரன் இறங்குவான், ஆதன் பிடிப்பான். ஆதனின் தங்கை வெண்ணியைத்தான் கீரன் கட்டியிருந்தான். ஆதனுக்குத் தன் மச்சானை நினைத்தால் அப்படி ஒரு பெருமை. இந்த மலையில் தைரியசாலிகள் எத்தனையோ பேர், பயப்படத் தெரிந்த தைரியசாலி தன் மச்சான் ஒருவன்தான் என்று சந்தையில் நின்று சொல்வான்.

அது பொய்யில்லை. கீரன் இறங்குமுன் பாறையைத் தொட்டுப் பார்ப்பான். காற்றை முகர்ந்து பார்ப்பான். ஏணியை இழுத்துப் பார்ப்பான். ஒன்று சரியில்லை என்றாலும் வெறுங்கூடையோடு வீடு திரும்புவான், கொஞ்சமும் வெட்கப்பட மாட்டான்.

திருவிழாவுக்கு முதல் தேன் கொண்டுவருகிறவனுக்கு ராஜா தன் கையால் பட்டுத் தலைப்பாகை கட்டுவார். கொம்பு ஊதி ஊரைச் சுற்றி அழைத்து வருவார்கள். வருஷா வருஷம் அந்த மரியாதை கீரனுக்குத்தான். ஒரு வருஷம் பூதன் என்ற இன்னொருவன் முந்திக்கொண்டான்.

கொம்புச் சத்தம் தன் வாசலைத் தாண்டிப் பூதன் வாசலுக்குப் போனதும் கீரனுக்கு வயிறு எரிந்தது. அன்று சோறு இறங்கவில்லை. வெண்ணி கேட்டதற்குப் பல்வலி என்றான். அடுத்த வருஷம் வரை அந்தப் பல்வலி ஆறவே இல்லை.

எரிகிற வயிறு மனிதனை என்ன பாடு படுத்தும், கேளுங்கள். பூதன் விடியும்போதே இறங்கிவிட்டான் என்று காதில் விழுந்தது. கீரன் பாறையைத் தொட்டுப் பார்க்காமல் இறங்கினான், முழங்கால் கிழிந்து ஏறினான். பூதன் பெரிய அடையாக அறுத்தான் என்று காதில் விழுந்தது. கீரன் காற்றைப் பார்க்காமல் இறங்கினான், புகை அவன் மேலேயே திரும்பி, முகம் வீங்கி ஏறினான். திருவிழாவுக்காகப் பூதன் வடக்குப் பாறையில் இறங்கப்போகிறான் என்று காதில் விழுந்தது. அந்தப் பாறையில் அதுவரை யாரும் கால் வைத்ததில்லை. அவனுக்கு முன்னால் நான் இறங்குவேன் என்றான் கீரன்.

ஆதன் தடுத்துப் பார்த்தான். மழை விடவில்லையே என்று சொல்லிப் பார்த்தான். பாறை விளிம்பு ஊறிக் கிடக்கிறதே என்று சொல்லிப் பார்த்தான். வெண்ணியை நினைத்துப் பாருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "பூதன் இறங்குறானே!"

வேறு வழியில்லாமல் ஆதன், பூதனுக்கு ஏணி பிடிப்பவனைத் தேடிப் போனான். அங்கேயும் அதே அழுகை. எங்கள் ஆளும் கேட்க மாட்டேன் என்கிறான், கீரன் இறங்குகிறானே என்கிறான் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். இவன் அவனைப் பார்க்கிறான், அவன் இவனைப் பார்க்கிறான், பாறையை ஒருவனும் பார்க்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று ஆதனுக்குத் தெரியவில்லை. கீரனிடம் போய்ச் சொன்னாலும் அதைப் பூதனின் தந்திரம் என்றுதான் நினைப்பான்.

திருவிழாக் காலையில் வடக்குப் பாறை உச்சியில் ஊரே கூடியது. ராஜா வந்தார். கொம்பு ஊதுகிறவன் வந்தான். வெண்ணியும் வந்து ஒரு மூலையில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். கீரன் விளிம்பில் ஒரு காலை வைத்துவிட்டு, 'பிடித்தேன்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான்.

ஆதன் அதைச் சொல்லவில்லை.

"மச்சான், பூதன்னு ஒருத்தன் இந்த மலையில பிறக்கவே இல்லைன்னு வெச்சுக்குங்க. இப்ப இந்தப் பாறையில இறங்குவீங்களா? இறங்குவேன்னு சொல்லுங்க, பிடிக்கிறேன்."

சட்டென்று பதில் சொல்ல வாய் திறந்தான் கீரன். அதற்கு முன் குனிந்து பாறையைத் தொட்டான், மண் கையோடு வந்தது. முகத்தைத் தூக்கினான், காற்று வலுத்துக்கொண்டிருந்தது. ஏணியை இழுத்தான், ஊறிக் கனத்தது. அதைப் பார்த்து ஆதனுக்குக் கண் கலங்கியது. தன் பழைய மச்சான் திரும்பி வந்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டான்.

ஆனால் பூதன் கூடையோடு அருகிலேயே நின்றான். பின்வாங்கினால் தலைப்பாகை அவனுக்குப் போகும், பயந்தாங்கொள்ளி என்ற பெயர் தனக்கு வரும். அது தெரிந்தும் கீரன் காலைப் பின்னால் எடுத்து, ஊர் கேட்கச் சொன்னான்.

"நான் இறங்கலை ராஜா. எனக்குப் பயமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். இந்தக் கோழைக்கா இத்தனை வருஷம் தலைப்பாகை கட்டினேன் என்று ராஜா முகம் சுளித்தார். ஆதன் கூடைகளில் ஓர் ஆள் கனத்துக்குக் கல்லை நிரப்பி, ஏணியில் கட்டி, விளிம்பில் மெல்ல இறக்கினான். பாதிகூடப் போகவில்லை. விளிம்புப் பாறை பெயர்ந்து ஏணியையும் கூடைகளையும் அள்ளிக்கொண்டு போனது. ஆதன் பிடியை விட்டுவிட்டுப் பின்பக்கமாக விழுந்தான். கீழே மோதும் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

சிரித்த வாய் மூடிக்கொண்டது. பூதன் கூடையை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவனும் இப்போதுதான் பாறையைத் தொட்டுப் பார்த்தான்.

ராஜா எழுந்து வந்தார். உயிரை விடத் துணிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் பின்வாங்கத் துணிந்தவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சொல்லி, ஒரு சொட்டுத் தேன்கூடக் கொண்டுவராத கீரனுக்குத் தலைப்பாகை கட்டினார். கொம்பு முழங்கியது. கீரன் திரும்பிப் பூதனைக் கைகொடுத்துத் தூக்கி, கூடவே நடக்கச் சொன்னான். அவர்களுக்கு முன்னால் மார்பை நிமிர்த்திக்கொண்டு போனவன் ஆதன். எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, அதோ என் மச்சான், அதோ என் மச்சான் என்று காட்டிக்கொண்டே போனான். வெண்ணி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுத்தவனுக்குக் கிடைப்பதையே பார்த்துப் பொறாமைப்படுகிறவன், தான் இழக்கப்போவதைப் பார்க்காமலே ஆபத்தில் காலை வைப்பான்.