நிலாக் கனம்

எந்த நாடு, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். கனகவர்மன் என்றொரு மன்னன் இருந்தான். பத்தடி போவதற்கும் பல்லக்குக் கேட்பான். ஆளோ ஓர் ஆனைக்குட்டி.

ஒருநாள் மலைக்கோயில் படியில் பல்லக்குச் சரிந்து, மன்னன் புல்லில் உருண்டான்.

"சாமி, தோளு எறங்கிப்போச்சு, வேணும்னு போடல" என்று அழுதான் சுமந்த நால்வரில் மூத்தவனான தீத்தன்.

"சோம்பேறிகள்! நால்வருக்கும் ஐம்பது கசையடி கொடுங்கள், பிரபு" என்றார் அமைச்சர் வில்லவராயர். கூட வந்த பத்தொன்பது அதிகாரிகளும் தலையாட்டினார்கள்.

அரசவை விகடன் செங்கோடன் கசைக்கு முன்னால் போய் நின்றான்.

"இவர்கள்மேல் தப்பில்லை, மன்னா. தங்கள் பாரம் அப்படி."

"என் உடம்பையா பழிக்கிறாய்?"

"உடம்பு தங்களுடையது, பாரம் பூமி கொடுப்பது. அது கீழே இழுக்கிற இழுப்புக்குத்தான் பாரம் என்று பெயர். நிலாவுக்கு இழுப்புக் குறைவு. அங்கே இதே உடம்பு, இம்மியும் இளைக்காமல், ஆறில் ஒரு பங்குதான் கனக்கும்."

செங்கோடனைக் கவிழ்க்க இப்படி ஒரு வாய்ப்புக்குத்தான் வில்லவராயர் நெடுநாளாகக் காத்திருந்தார். "அப்படியானால் தூக்கும் தோளுக்கு நாளையே அந்த நிலாக் கனத்தைக் காட்டட்டும், பிரபு. தங்கள் உடம்பு இம்மியும் குறையக் கூடாது. தவறினால் இவன் தலையை வாங்குங்கள்."

மன்னன் ஒப்புக்கொண்டான். "சரி, ஆனால் நாளை ஒரு நாள் எல்லாரும் என் சொல் கேட்க வேண்டும்" என்றான் செங்கோடன். அதற்கும் மன்னன் தலையசைத்தான்.

மறுநாள் மலைக்கோயில் அடிவாரத்தில், பல்லக்கில் நீள நீளமான மூங்கில்கள் கட்டப்பட்டிருந்தன. தீத்தன் இடத்தில் செங்கோடனே தோள் கொடுத்தான்.

"அமைச்சரே, அதிகாரிகளே, வாருங்கள். நேற்று நாலு தோள், இன்று இருபத்துநாலு. ஒவ்வொரு தோளுக்கும் ஆறில் ஒரு பங்கு. மன்னர் உடம்போ நேற்றிருந்தபடியே இருக்கிறது."

"நான் பல்லக்குச் சுமப்பதா? இது மோசடி!" என்றார் வில்லவராயர்.

"தூக்கும் தோள் என்றீர்கள். யார் தோள் என்று சொல்லவில்லையே?"

"தூக்குங்கள், வில்லவராயரே" என்றான் மன்னன்.

நாற்பதாம் படியில் அமைச்சருக்கு மூச்சு முட்டியது. "ஐயோ பிரபு, முடியவில்லை!"

"இது வெறும் நிலாக் கனம், ஐயா. இதைப்போல ஆறு மடங்கு சுமந்த தீத்தனைத்தான் சோம்பேறி என்றீர்கள். அடுத்து வியாழன் கிரகத்துக்குப் போவோமா? அங்கே பூமியைப்போல இரண்டரை மடங்கு."

"வேண்டாம், வேண்டாம்!" அமைச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மன்னன் பல்லக்குக் குலுங்கச் சிரித்தான். இறங்கினான்.

"கசையைத் தூரப் போடுங்கள். தீத்தனுக்கு அரண்மனை வைத்தியர் மருந்து கட்டட்டும். செங்கோடா, உனக்கு என்ன வேண்டும்?"

"மீதிப் படிகளை நடந்தே ஏறுங்கள், மன்னா. பூமி எவ்வளவு இழுக்கிறதென்று தங்கள் முழங்காலே சொல்லும்."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னன் மறுபடியும் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிச் செங்கோடன் கழுத்தில் போட்டான். பிறகு பட்டு வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தான்.